உள்ளங்கையில் ஒரு சில்லு

அக்கா டாக்டர். தங்கைக்கு நிச்சயமாகியிருக்கும் மாப்பிள்ளை வக்கீல். அதுவும் ஆஸ்பத்திரிகள் மேல் கேஸ் போடுகிற வக்கீல். வயிற்றுக்குள் பஞ்சை வைத்துத் தைத்தவர்கள், இடது முழங்காலுக்குப் பதில் வலது முழங்காலைத் திறந்தவர்கள் எல்லாம் அவனுடைய நோட்டீஸ் வந்தால் தூக்கம் கெட்டுத் திரிவார்கள். டாக்டர் இருக்கிற வீட்டில் தேடித் தேடியா இப்படி ஒரு சம்பந்தம் பிடிப்பார்கள் என்று கேட்காதீர்கள். அம்மா தேடவே இல்லை. சின்னவளே பிடித்துக்கொண்டு வந்தாள்.

அப்பா போன பிறகு அந்த வீட்டில் மூன்று பெண்கள்தான். பெரியவளுக்குக் கல்யாணம் ஆகியும் அம்மாவோடுதான் வாசம். அவளுடைய வீட்டுக்காரர் கப்பலில் வேலை பார்க்கிறார், வருஷத்தில் பாதி நாள் கடல்தான் அவருக்கு மாமியார் வீடு.

வக்கீலின் அப்பாவை இரண்டு குடும்பமும் மீன் மாமா என்றே கூப்பிடும். வண்ண மீன் கடை வைத்திருக்கிறார். மனைவியைச் சீக்கிரமே இழந்தவர். மகனையும் மீன்களையும் ஒரே பொறுமையில் வளர்த்தேன், மீன்கள்தான் எதிர்த்துப் பேசவில்லை என்பார்.

அவர் முதல் தடவை சம்பந்தி வீட்டுக்கு வந்தபோது நடந்த கூத்தை முதலில் சொல்லியாக வேண்டும். பரிசாக ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டியைக் கொண்டுவந்து ஹாலில் வைத்தார். அது நொறுங்கிப் போனது. மாடியிலிருந்து பெரியவள் ஓடி வந்து பார்த்தபோது தரையெல்லாம் தண்ணீர், தண்ணீரில் துள்ளும் மீன்கள். நடுவில் மாமா, வலது கையை இறுக மூடிக்கொண்டு, விரலிடுக்கில் ரத்தம் சொட்டச் சொட்டச் சிரித்துக்கொண்டு நின்றார். அம்மா சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள். ஹால் முழுக்க சென்ட் வாசனை வேறு.

"என் மீனுங்க சம்பந்தி வீட்டுக்குப் போறோம்னு சென்ட் பூசிக்கிட்டு வந்திருக்குங்க" என்று அந்த நிலையிலும் ஜோக் அடித்தார் மனுஷர். "கை தவறிடுச்சும்மா. மீனைப் பிடிக்கப் போனேன், கண்ணாடி என்னைப் பிடிச்சிடுச்சு."

பெரியவளே தன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய், காயத்தைக் கழுவி, தையல் போட்டு அனுப்பினாள். எக்ஸ்ரே மட்டும் எடுக்கவில்லை. பிறகு வந்த தலைவலி முழுக்க அங்கேதான் ஆரம்பிக்கிறது.

*

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா புதுத் தொட்டியோடு வந்து இறங்கினார். உடைந்ததைவிட இரண்டு மடங்கு பெரியது. வண்டிக்காரர் அதை நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வர, மாமா பின்னாலிருந்து உத்தரவு போட்டபடி வந்தார். தன் தொட்டியை இன்னொருவர் தொடவே விடாத மனிதர் அவர். பெரியவளுக்கு அப்போதே எங்கேயோ உறுத்தியது.

சின்னவள் மாப்பிள்ளையோடு துணிக்கடைக்குப் போயிருந்தாள். மாமா கொடுத்த ஒரு சின்னப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். பெரியவள் காபி டம்ளரோடு நாற்காலியில் சாய்ந்து மாமா வேலை செய்வதை வேடிக்கை பார்த்தாள். ஆஸ்பத்திரியில் அவசர சிகிச்சைப் பிரிவில் வாரம் முழுக்க ஓடுகிறவளுக்கு, இன்னொருவர் வேலை செய்வதைப் பார்ப்பதுதான் ஞாயிற்றுக்கிழமை சுகம்.

மாமா தொட்டிக்கு அடியில் மெத்தென்ற அட்டையை விரித்தார். அலசிய மணலைப் பரப்பினார். மணல் கலங்காமல் இருக்க நடுவில் ஒரு தட்டை வைத்து, தட்டின் மேல் தண்ணீரை ஊற்றினார். எல்லாம் இடது கையால். வலது கை பேன்ட் பாக்கெட்டுக்குள்ளேயே இருந்தது. ஃபில்டரின் மூடியைத் திருக இடது கையால் முடியவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பல்லால் திருகினார்.

பெரியவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"மாமா, வலது கைக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. காலமெல்லாம் உழைச்ச கை, லீவு கேட்டுச்சு. சரி போன்னு குடுத்துட்டேன்."

"லீவுல எங்க போயிருக்குன்னு பாக்கறேன், காட்டுங்க."

மாமா சிரித்தார், தட்டிக் கழித்தார், மீன் பையைத் தேடுவது போல் குனிந்தார். பெரியவள் விடவில்லை. பாக்கெட்டிலிருந்து கையை எடுத்து விரித்துப் பார்த்தாள். அவள் போட்ட தையல் தடம் ஒரு பக்கம் அழகாக ஆறியிருந்தது. கட்டை விரலின் அடியில், தடத்தின் மறுமுனை சிவந்து, வீங்கி, லேசாகக் கசிந்துகொண்டிருந்தது. அந்த இடத்தில் பட்டும் படாமலும் ஒரு விரலை வைத்தாள்.

எப்போதும் வாய் ஓயாத மனிதர் சட்டென்று பேச்சை நிறுத்தினார். நெற்றியில் வியர்த்தது.

"உள்ள குத்துதா?"

"மூடினா குத்தும். மூடலேன்னா ஒண்ணும் இல்ல. அதான் மூடறதே இல்ல."

"எத்தனை நாளா?"

"நீ தையல் பிரிச்ச அன்னையிலேர்ந்து."

"மாமா! என்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்படிம்மா சொல்றது? நீ தச்ச கை. உன்கிட்டயே வந்து நீ தச்சது சரியில்லன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? அதுவும் என் புள்ள காதுல விழுந்துச்சுன்னு வச்சுக்க. கல்யாணப் பத்திரிகை அடிக்கறதுக்கு முன்னாடி உனக்கு நோட்டீஸ் அடிச்சிடுவான்."

பெரியவளுக்குக் காது இரண்டும் சூடாயின. கண்ணாடிக் காயம் என்றால் எக்ஸ்ரே எடுக்காமல் ஊசியைத் தொடாதே என்று தனக்குக் கீழே வேலை பார்க்கும் டாக்டர்களைத் தினமும் வறுத்தெடுப்பவள் அவள். எல்லாம் வெளியே வந்துவிட்டது என்று நோயாளி சத்தியம் செய்தாலும் நம்பாதே என்பாள். அன்றைக்கு அவளும் கேட்கத்தான் செய்தாள், ஒரு எக்ஸ்ரே எடுத்துடலாமா மாமா என்று. "அதெல்லாம் எதுக்கும்மா, உங்கம்மா போட்ட காபி அங்க ஆறிக்கிட்டிருக்கு" என்றார் அவர். சம்பந்தியாகப் போகிறவரிடம் அடம் பிடிப்பானேன் என்று அவளும் சிரித்துக்கொண்டே ஊசியில் நூலைக் கோத்தாள்.

முன்பின் தெரியாத ஒருவராக இருந்திருந்தால் எக்ஸ்ரே எடுத்திருப்பாள். சொந்தம் என்று மரியாதை பார்த்ததில் வந்த வினை இது.

"கிளம்புங்க மாமா."

"மீனு பையிலயே இருக்கேம்மா."

"மீன் கொஞ்ச நேரம் பொறுத்துக்கும். அம்மா, நாங்க ஆஸ்பத்திரிக்குப் போறோம்!"

அம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். மாமாவின் கையைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறிப் போனது. சம்பந்தி என்ற முறையில் ஒரு வார்த்தை விசாரிப்பாள் என்று பெரியவள் எதிர்பார்த்தாள். அம்மாவோ விசாரிக்காமல் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். அதை நினைத்துப் பார்க்கப் பெரியவளுக்கு அப்போது நேரம் இல்லை.

*

எக்ஸ்ரே திரையில் கட்டை விரல் எலும்புக்குப் பக்கத்தில், தர்பூசணிக் கீற்றைக் குட்டியாக்கியது போல, வெள்ளையாக ஒரு துண்டு தெரிந்தது. குழந்தை பார்த்தாலும் கண்டுபிடித்துவிடும். அன்றைக்கே எடுத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

ரவுண்ட்ஸ் முடித்து வந்த சீஃப் டாக்டர் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். நல்ல மனிதர், பயந்த மனிதர்.

"யாரு தச்சது?"

"நான்தான் சார்."

"பேஷன்ட் யாரு?"

"என் தங்கச்சிக்கு மாமனாரா வரப் போறவர்."

"பையன் என்ன பண்றார்?"

அவள் சொன்னாள். சீஃப் பக்கத்திலிருந்த ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தார்.

"ஊர்ல உனக்கு வேற ஆளே கிடைக்கலையாம்மா?" என்றார் அழாத குறையாக. "சரி, பதறாதே. எக்ஸ்ரே வேண்டாம்னு அவர்தான் சொன்னார். அவ்வளவுதான் பேச்சு. மன்னிப்பு அது இதுன்னு வாயைத் திறந்துடாதே. சொன்னா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். உன் வேலைக்கும் ஆபத்து, நம்ம ஆஸ்பத்திரிக்கும் ஆபத்து."

பெரியவள் தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா, இல்லை என்றா, அவளுக்கே தெரியாது. வேலை போனால்கூட வேறு வேலை தேடிக்கொள்ளலாம். சின்னவளின் கல்யாணம் முறிந்தால்? கண்ணாடி முன்னால் நின்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டு திரிகிற அந்தப் பெண்ணின் முகத்தில் அப்புறம் எப்படி விழிப்பது? வாயை மூடிக்கொண்டால் எல்லாம் தப்பும். மாமாவும் வெளியே விடமாட்டார். அவர் கையைப் போலவே எல்லாரும் மூடாமல் திறக்காமல் காலத்தை ஓட்டிவிடலாம்.

ஆனால் அந்த மனிதர் பல்லால் மூடியைத் திருகியது அவள் கண்ணை விட்டுப் போக மறுத்தது.

கதவு திறந்தது. அம்மா போன் போட்டிருப்பாள் போலிருக்கிறது. துணிக்கடைப் பைகளோடு சின்னவளும், அவளுக்கு முன்னால் வக்கீலும் உள்ளே நுழைந்தார்கள். சீஃப் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"அப்பாவுக்கு என்ன?" என்றான் வக்கீல். கோர்ட்டுக் குரல்.

"ஒண்ணுமில்லடா, சும்மா ஒரு..." என்று ஆரம்பித்தார் மாமா.

"நான் சொல்றேன் மாமா" என்றாள் பெரியவள். "இவர் கைக்குள்ள கண்ணாடித் துண்டு இருக்கு. அன்னைக்கு நான் தைக்கும்போதே இருந்திருக்கு. எக்ஸ்ரே எடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும். நான் எடுக்கல. என் தப்பு. என்னை மன்னிச்சிடுங்க."

சீஃப் கண்களை மூடிக்கொண்டார்.

"அவ தப்பு இல்லடா!" மாமா குறுக்கே பாய்ந்தார். "நான்தான் வேண்டாம்னேன்."

"வேண்டாம்னு நீங்க சொல்லல மாமா. காபி ஆறிடும்னுதான் சொன்னீங்க. எனக்கு அது வசதியா இருந்துச்சு, பிடிச்சுக்கிட்டேன்."

வக்கீல் திரையைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். சின்னவள் துணிப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப என்ன பண்ணப் போறீங்க அண்ணி?"

"துண்டு நரம்புக்குப் பக்கத்துல இருக்கு. அதனால நான் தொடப் போறதில்ல. கைக்குன்னே இருக்கற சர்ஜன் வந்துக்கிட்டிருக்கார். கையை மட்டும் மரத்துப் போக வச்சு எடுப்பார். எடுத்ததுக்கு அப்புறம் இன்னொரு எக்ஸ்ரே, எல்லாம் வந்துடுச்சான்னு பாக்க. அதுக்கு மேல நீங்க என்ன செய்யணும்னு நினைக்கறீங்களோ செய்யுங்க. யார் கேட்டாலும் இதையேதான் நான் சொல்லுவேன்."

வக்கீல் ஸ்டூலை இழுத்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தான். பிறகு அவன் குரல் கோர்ட்டை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டது.

"என்கிட்ட கேஸ் போட வர்றவங்கள்ல பாதிப் பேர் தப்பு நடந்துச்சேன்னு வரல அண்ணி. தப்பு நடந்துச்சுன்னு ஒருத்தர்கூட மூஞ்சியப் பாத்துச் சொல்லலையேன்னுதான் வர்றாங்க. எல்லா டாக்டரும் உங்களை மாதிரி பேச ஆரம்பிச்சா, நான் கடையைச் சாத்திட்டு அப்பாவோட மீன் விக்கப் போகவேண்டியதுதான்."

"வேண்டாம்டா சாமி" என்றார் மாமா. "நீ மீன் மேலயும் கேஸ் போடுவே."

முதலில் சிரித்தது சீஃப்தான். பயம் தெளிந்த சிரிப்பு, நிற்கவே மாட்டேன் என்றது. சின்னவள் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள்.

"கேஸ் போட்டா உங்க மேலதான் போடணும்ப்பா" என்றான் வக்கீல், அப்பாவின் கையைத் தன் இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு. "இத்தனை நாள் வலியைப் பெத்த புள்ளகிட்டயே மறைச்சதுக்கு."

*

சர்ஜன் வந்தார். பெரியவள் கத்தியைத் தொடவில்லை. மாமாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். கை மரத்துப் போன பிறகும் மாமாவின் வாய் மரக்கவில்லை. தங்க மீனுக்கு ஞாபக சக்தி கிடையாது என்பது சுத்தப் பொய் என்று சர்ஜனுக்கு ஆதாரத்தோடு விளக்கிக்கொண்டிருந்தார்.

இடுக்கியின் நுனியில் வந்த துண்டு எஃகுக் கிண்ணத்தில் டிங் என்று விழுந்தது. சர்ஜன் அதைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்தார்.

"தொட்டிக் கண்ணாடின்னு சொன்னீங்க?"

பெரியவள் குனிந்து பார்த்தாள். தொட்டிக் கண்ணாடி தட்டையாக இருக்கும், நிறமே இருக்காது. இந்தத் துண்டு தடிமனாக இருந்தது, வளைந்திருந்தது, நல்ல நீலமாக இருந்தது.

"மாமா, இது..."

தங்க மீனைப் பற்றிய பேச்சு பாதியில் நின்றது. மாமா கண்களை இறுக்கி மூடிக்கொண்டார், கைக்குப் போட்ட மருந்து தலைக்கு ஏறிவிட்டாற்போல. இனி எதையும் கேட்காமல் விடுவதில்லை, சொந்தமாக இருந்தாலும் சரி, கடவுளாக இருந்தாலும் சரி என்று பெரியவள் அந்த மேஜை அருகே நின்று தனக்குள் சத்தியம் செய்துகொண்டாள். முதலில் இன்னொரு எக்ஸ்ரே எடுத்தாள். முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. உள்ளே தூசு தும்பு இல்லை.

*

மாலையில் மீன்கள் பையோடு புதுத் தொட்டியில் மிதந்தன. தொட்டித் தண்ணீரின் சூடு பழகும்வரை பையை அவிழ்க்கக்கூடாது என்பது மாமாவின் சட்டம். வலது கையில் பெரிய கட்டோடு அவர் ராஜா மாதிரி சோபாவில் வீற்றிருந்தார். எல்லார் முகத்திலும் ஒரு பெரிய பாரம் இறங்கிய களைப்பும் சந்தோஷமும்.

வக்கீலுக்கு மட்டும் கை சும்மா இருக்கவில்லை. துண்டைப் போட்டுக் கொடுத்த சின்ன டப்பாவை விளக்குக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இந்த நீலத்தை நான் எங்கயோ பாத்திருக்கேனே... ஏய், இது நான் உனக்கு வாங்கிக் குடுத்த சென்ட் பாட்டில்!"

"காணோம் காணோம்னு நான் வீட்டையே புரட்டிப் போட்டேனே, அதுவா?" சின்னவள் டப்பாவைப் பிடுங்கினாள். "அதேதான்! இது எப்படி மாமா கைக்குள்ள போச்சு?"

"நீ எறிஞ்சு உடைச்சியா?"

"நான் எங்க எறிஞ்சேன்? அன்னைக்கு நீங்களும் நானும் வெளிய வண்டி நிறுத்த இடம் தேடி மூணு தெரு சுத்திக்கிட்டிருந்தோம்."

பெரியவளுக்கு அன்றைய ஹால் கண் முன்னால் வந்தது. தண்ணீர், துள்ளும் மீன், சென்ட் வாசனை, இறுக மூடிய ஒரு கை. மீனைப் பிடிக்கப் போகிறவர் கையை அப்படியா மூடுவார்? குஞ்சுமீனைக்கூட நசுங்காமல் அள்ளுகிற கை அல்லவா அது! அவர் மீனைப் பிடிக்கவே இல்லை. யார் கையிலிருந்தோ நழுவிய சென்ட் பாட்டில்தான் விழுந்து தொட்டியையும் உடைத்திருக்கிறது. ஓடி வருகிறவர்கள் பார்த்துவிடக்கூடாதென்று நீலச் சில்லுகளை உள்ளங்கையில் அள்ளி மூடியிருக்கிறார். அதில் ஒன்று கைக்குள்ளே போய்விட்டது, மற்றவை அவர் பாக்கெட்டுக்குள் போயிருக்கும். எக்ஸ்ரே வேண்டாம், காபி ஆறிவிடும் என்று அவசரப்படுத்தியதும் அதற்காகத்தான். யாரையோ வெட்கப்படவிடாமல் காப்பாற்றத் தன் கையைக் கிழித்துக்கொண்டு, பழியையும் தானே ஏற்றுக்கொண்டு, ஜோக்கும் அடித்திருக்கிறார். அவளுக்கு அந்த மனிதர் மேல் பிரியம் பொங்கியது.

ஆனால் யாரை? அவள் மாடியில் இருந்தாள். இவர்கள் தெருவில் இருந்தார்கள். ஹாலில் மாமாவைத் தவிர இருந்தது ஒரே ஒரு ஆள்.

அடுப்படியில் குழாய் திடீரென்று பெரிய சத்தத்தோடு ஓடியது. மாமா தொட்டிக்குள் தலையை விடாத குறையாக மீன்களை எண்ண ஆரம்பித்தார்.

குழாய் நின்றது. அம்மா காபித் தட்டோடு வந்தாள். அப்பா போன நாளிலிருந்து குளிக்கிற சோப்பைத் தவிர வாசனையாக ஒன்றையும் தொடாத அம்மா. யார் முகத்தையும் பார்க்காமல் ஒவ்வொரு டம்ளராகக் கொடுத்தாள். மாமாவின் டம்ளரை மட்டும் இடது கைக்கு வாகாகத் திருப்பி வைத்தாள்.

அவள் கடந்து போனபோது பெரியவளின் மூக்கில் அது பட்டது. அதே வாசனை. பாட்டில் உடைந்து மூன்று வாரம் ஆகிறது. இன்றைக்கு இது எங்கிருந்து வந்தது? காலையில் மாமா மீன் பைகளோடு பைகளாக அம்மாவிடம் கொடுத்த ஒரு சின்னப் பொட்டலம் அவளுக்கு நினைவு வந்தது. மீன் தீனி என்றுதான் நினைத்திருந்தாள்.

மத்தியானம்தானே சத்தியம் செய்தாள், எதையும் கேட்காமல் விடுவதில்லை என்று.

"அம்மா, என்ன வாசனை இது?"

அம்மாவின் கன்னம் இரண்டும் சிவந்தன.

"வாசனையா? மீனுக்குப் போடற மருந்தா இருக்கும்."

"ஆமாம்மா, புது மருந்து" என்றார் மாமா, தொட்டியை விட்டுக் கண்ணை எடுக்காமல். "மீனுங்க சந்தோஷமா இருக்கும்."

வக்கீல் காபியை ஒரு வாய் குடித்தான். டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தான். அப்பாவைப் பார்த்தான், மாமியாரைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு பெரிய சிரிப்பு மெல்ல மெல்ல விரிந்தது.

"அந்த மருந்து பாட்டில் என்ன கலர்ப்பா?" என்றான் கோர்ட்டுக் குரலில்.